நோய் தீண்டாதோரைக் கணக்கெடுக்கும் சாஸ்திரம்

ஒரு வீட்டில் ஒருவர் ஜுரத்தில் படுத்தால் வைத்தியர் வருகிறார். நாடியைப் பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லி, மருந்தெழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். தொழுவத்தில் ஒரு பசு தீனி எடுக்காமல் நின்றால் கால்நடை மருத்துவர் வந்து, காதைத் தொட்டுப் பார்த்து, அசை போடுகிறதா என்று விசாரித்து, ஊசி போடுகிறார். இவ்விருவருடைய கவனமும் துன்புறும் ஜீவன் ஒன்றின்மேலேயே நிலைத்திருப்பது தர்மமே. ஆனால், தெருவில் பத்து வீடுகளில் ஜுரம் கண்டு பதினோராவது வீட்டில் மட்டும் காணாதிருக்கும்போது, அந்தப் பதினோராவது வீட்டு வாசலில் போய் நின்று, ‘உங்களுக்கு ஏன் வரவில்லை?’ என்று கேட்கிற சாஸ்திரம் ஒன்றும் உண்டு. கேட்பவரைப் பார்த்து வீட்டுக்காரர் முகஞ்சுளிக்கவும் கூடும். இருந்தும், மனிதரையும் மாட்டையும் வாரிக்கொண்டு போன பெருவியாதிகள் பலவற்றின் மர்மம் இந்தக் கேள்வியினால்தான் துலங்கியது என்பதைப் பின்வரும் விவரங்கள் காட்டும்.

மேல்நாட்டார் ‘எபிடெமியாலஜி’ என்று வழங்கும் இதைத் தமிழில் நோய்ப் பரவலியல் என்றும் கொள்ளைநோயியல் என்றும் சொல்லுகிறார்கள். கிரேக்க மூலத்தின்படி அது ஜனங்களின்மேல் வந்து கவிவதைப் பற்றிய கல்வி; ஜனங்கள் என்ற சொல் அதற்குள் பொதிந்திருப்பதால், பிராணிகளின் நோய்ப்பரவலுக்கு வேறொரு பெயர் வேண்டுமென்று சில பண்டிதர்கள் ‘எபிசூட்டியாலஜி’ என்ற இன்னொரு பதத்தையும் சமைத்து வைத்தார்கள். வெறிநாய்க்கடி நோயை இவ்விரண்டில் எந்த ஏட்டில் எழுதுவது என்று அவர்களைக் கேட்கத் தோன்றுகிறது. நாயில் வாழ்ந்து மனிதனில் முடியும் அந்த நோயும், எலியில் தொடங்கித் தெள்ளுப்பூச்சியின் வழியே மனிதனைச் சேரும் பிளேக்கும், பசுவின் பாலோடு குழந்தையின் வயிற்றுக்குள் போகும் மாட்டுக் காசமும் இருக்கிற வரையில், இந்தச் சாஸ்திரத்துக்கு இரண்டு பெயர் வைப்பது அச்சகத்துக்கு வேலை கொடுப்பதாகவே முடியும்.

இலண்டனில் சோஹோ என்ற பகுதியில் 1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் மூண்ட வாந்திபேதி, ஓரிரு தெருக்களின் சுற்றளவிலேயே பத்து நாட்களில் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்தவரும், அதற்கு முந்திய ஆண்டில்தான் விக்டோரியா மகாராணியின் பிரசவத்தில் குளோரோபாரம் கொடுத்தவருமான ஜான் ஸ்நோ என்ற வைத்தியர், இறந்தோரின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, அவை பிராடு தெருவின் நீர்க்குழாயைச் சூழ்ந்திருப்பதைக் கண்டார் என்பது பலரும் கேட்ட கதை. வைத்தியர் சொன்னதன்பேரில் செப்டம்பர் 8ஆம் தேதி குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள், கொள்ளைநோய் ஓய்ந்தது. கதை இப்படியே பாடப்புத்தகங்களில் முடிந்துவிடுகிறது. உண்மையில் கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்னமே ஜனங்களிற் பெரும்பாலோர் அத்தெருவை விட்டு ஓடிப்போயிருந்தார்கள். சாவுகளும் குறையத் தொடங்கியிருந்தன. இதை ஸ்நோவே மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவருடைய மேதை கைப்பிடியில் இல்லை, விதிவிலக்குகளை அவர் விசாரித்த விதத்தில் இருக்கிறது. அதே தெருவில் மது வடிசாலை ஒன்றில் எழுபதுக்கு மேற்பட்ட ஆட்கள் வேலை செய்தார்கள், ஒருவரும் சாகவில்லை. அவர்களுக்கு வடிசாலையிலேயே மதுபானம் கிடைத்ததோடு சொந்தக் கிணறும் இருந்தது. தெருக்குழாயை அவர்கள் நாடியதே இல்லை. பக்கத்து ஏழையர் விடுதியில் 535 பேர் இருக்க, ஐந்து பேரே இறந்தனர். அங்கும் தனிக் கிணறு. இதற்கு நேர்மாறாக, வெகு தூரத்தில் ஹாம்ப்ஸ்டெட்டில் வசித்த விதவை ஒருத்தி, அக்கம்பக்கத்தில் யாருக்குமே நோயில்லாதபோது, தான் மட்டும் வாந்திபேதியில் மாண்டாள். விசாரித்தால், முன்பு பழகிய ருசியை மறக்கமாட்டாமல் பிராடு தெருத் தண்ணீரை நாள்தோறும் வண்டியில் தருவித்துக் குடித்தவள் அவள். நோயிருக்க வேண்டிய இடத்தில் இல்லாதோரும், இல்லாதிருக்க வேண்டிய இடத்தில் நோயுற்றவளும் ஒரே சாட்சியத்தைச் சொன்னார்கள். வாந்திபேதிக் கிருமியைக் கோக் என்ற ஜெர்மானியர் உறுதிப்படுத்துவதற்கு இன்னும் முப்பது ஆண்டு இருந்தது. காரணகர்த்தாவின் முகத்தைக் காணாமலே அதன் பாதையை அடைத்துவிடலாம் என்பது இந்தச் சாஸ்திரத்தின் முதற் பெருமை.

இதே மனிதர் செய்த இன்னொரு காரியம் அவ்வளவு பிரசித்தமில்லை; எனக்கோ அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. இலண்டனின் தென்பகுதியில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு கம்பெனிகள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தன. அவற்றுள் லாம்பெத் கம்பெனி 1852இல் தன் நீரெடுக்கும் துறையைத் தேம்ஸ் நதியில் ஊர்ச்சாக்கடை கலப்பதற்கு மேலே மாற்றிக்கொண்டது. சவுத்வார்க்–வாக்ஸால் கம்பெனியோ பழைய இடத்திலேயே இறைத்தது. 1854ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில் பின்னதன் வீடுகளில் 1,263 பேரும், முன்னதன் வீடுகளில் 98 பேரும் மாண்டனர். இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் அது சந்தைக் கணக்கு. பின்னது 40,046 வீடுகளுக்கும், முன்னது 26,107 வீடுகளுக்கும் நீர் வழங்கியது என்பதைச் சேர்த்து வகுத்தால்தான் பத்தாயிரம் வீட்டுக்கு முறையே 315 சாவும் 37 சாவும் என்று வருகிறது. வித்தியாசம் எட்டரை மடங்கு. மேலே எழுதும் எண் நோயுற்றோரைச் சொல்லும். கீழே எழுதும் எண் நோய்க்கு இலக்காகக்கூடிய அனைவரையும், பிழைத்திருப்போரையும் சேர்த்தே, சொல்லும். இந்தக் கீழெண்ணைத் தேடிப் போகிறவன்தான் நோய்ப் பரவலியல் கற்றவன். ‘எங்கள் ஊரில் நாற்பது மாடு செத்தது, பக்கத்தூரில் பத்துத்தான்’ என்று ஒருவர் முறையிடும்போது, ஊருக்கு எத்தனை மாடு என்று கேளாதவர் அந்த முறையீட்டைக் கேட்டவராகமாட்டார்.

வகுத்தல் தெரிந்தபின் எதை வகுப்பது என்ற பிரச்சினை எழும். ஓர் ஏரியில் இன்று நிற்கும் நீரின் அளவு ஒன்று. வாய்க்கால் வழியே நாள்தோறும் அதற்குள் வரும் நீரின் அளவு வேறொன்று. ஒரு சமயத்தில் நிலவும் நோயாளிகளின் விகிதமும், ஒரு காலவரையில் புதிதாக நோய்ப்படுவோரின் விகிதமும் இவ்வாறே வேறுபடும். காசநோய்போல் மெல்ல அரிக்கும் வியாதியில் வரவு சிறிதாயினும் தேக்கம் பெரிது. வெறிநாய்க்கடி நோயில் ஆண்டுதோறும் வரவு உண்டு, தேக்கமோ ஏறக்குறைய இல்லை. ஏனெனில் அறிகுறி கண்டவர் சில நாட்களுக்குள் மடையைக் கடந்து போய்விடுகிறார். சாவைத் தள்ளிப்போட மட்டுமே வல்ல மருந்தொன்று நாட்டுக்குள் வந்தால் நிலவும் நோய் பெருகித் தோன்றும். அதைக் கண்டு மருந்தையே பழிப்பவர்களும் உண்டு.

அதைவிடச் சூட்சுமமான ஏமாற்றம் ஒன்று இருக்கிறது. ஸ்நோவுக்குச் சாவுக் கணக்குகளைக் கொடுத்துதவியவரும், புள்ளிவிவரக் கலையில் இணையற்றவருமான வில்லியம் பார், 1848–49ஆம் ஆண்டுக் கொள்ளைநோயைப் பரிசீலித்து, தேம்ஸ் நதி மட்டத்திலிருந்து நிலம் உயர உயர வாந்திபேதிச் சாவு ஒழுங்காகக் குறைவதைக் கண்டார். தாழ்ந்த நிலத்தில் தேங்கும் துர்வாயுவே நோய்க்குக் காரணமென்ற அக்காலக் கொள்கைக்கு இது அரண்போல் நின்றது. கணக்கில் பிழையில்லை. தாழ்ந்த பகுதிகளில் குடியிருந்தோர் நதியின் அழுக்குநீரைக் குடித்தனர் என்பதுதான் உயரத்தின் பின்னால் ஒளிந்திருந்த விஷயம். ஒரு காரணத்தின் நிழலில் இன்னொன்று நின்று நம்மை மயக்குவதை இக்காலத்தார் குழப்பும் காரணி என்கிறார்கள். பார் நேர்மையாளர், 1866இல் மறுபடியும் வாந்திபேதி வந்தபோது தம் கருத்தை மாற்றிக்கொண்டு தண்ணீரையே குற்றஞ்சாட்டினார்.

மனித வைத்தியத்தின் சரித்திரமாகவே இதுவரை சொல்லிவந்ததற்குக் கால்நடை வைத்தியர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஏனெனில், நோயைப் பூச்சி பரப்புகிறது என்ற வழியை முதலில் திறந்தவர்களுள் அவர்கள் தலையாயவர்கள். அமெரிக்காவில் டெக்ஸஸ் மாகாணத்து மாட்டு மந்தைகளை வடக்கே ஓட்டிக்கொண்டு போவார்கள். அம்மாடுகள் கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருக்கும். அவை மேய்ந்து சென்ற புல்வெளியில் சில வாரம் கழித்து மேய்ந்த வடநாட்டு மாடுகளோ சிவந்த மூத்திரம் பெய்து சுருண்டு விழும். நோயைக் கொண்டுவந்தவை நோகவில்லை. வந்த இடத்தில் இருந்தவை மாண்டன. உண்ணிதான் காரணம் என்று மாட்டுக்காரர்கள் சொன்னதைப் பண்டிதர்கள் நகைத்தார்கள். தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இருவர் அதை நகைக்காமல் 1889 முதல் வேலியடைத்த வயல்களில் சோதித்தார்கள். ஒரு வயலில் தென்னாட்டு மாட்டை உண்ணியோடு விட்டார்கள். இன்னொன்றில் உண்ணிகளைக் கையாலேயே பொறுக்கியெடுத்துவிட்டு விட்டார்கள். வேறொன்றில் தென்னாட்டு மாடே இல்லாமல் உண்ணிகளை மட்டும் புல்லில் தூவினார்கள். உண்ணி இருந்த இடங்களில் வடநாட்டு மாடுகள் நோயுற்றன. மாடிருந்தும் உண்ணியில்லாத இடத்தில் தப்பின. தாய் உண்ணி புல்லில் உதிர்ந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் கால அளவே அந்தச் சில வாரத் தாமதத்தின் இரகசியம். தென்னாட்டு மாடுகள் கன்றுப் பருவத்திலேயே அந்நோயை இலேசாகப் பட்டுத் தேறியவை. ஆகவே அவை நோயைச் சுமக்கும் உறைவிடமாயின. இவ்வாராய்ச்சி 1893இல் வெளியாயிற்று. சிக்கந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது அதற்கு நான்காண்டு பின்னால், 1897இல்.

கிருமி, அதை ஏற்கும் உடல், இரண்டும் சந்திக்கும் சூழ்நிலை ஆகிய மூன்றும் ஒத்துவந்தாலொழிய நோய் மூள்வதில்லை என்பது இத்துறையின் அரிச்சுவடி. அரிச்சுவடியை மனப்பாடம் செய்வதைவிட, கர்நாடகத்தில் ஷிமோகா ஜில்லாவின் கியாசனூர்க் காட்டில் 1957இல் நடந்ததைப் பார்ப்பது நலம். காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அருகிருந்த கிராமத்தாருக்குக் கடுஞ்ஜுரம் கண்டது. குரங்குச் சாவு என்றதும் ஆப்பிரிக்காவின் மஞ்சள் ஜுரம் இந்தியாவுக்குள் புகுந்துவிட்டதோ என்று சுகாதாரத் துறையினர் திடுக்கிட்டார்கள். பூனாவின் வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் பார்த்தபோது அது உண்ணி பரப்பும் புதியதொரு வைரஸ் என்று தெரிந்தது. இதில் மாட்டின் பங்கு வினோதமானது. காட்டைத் திருத்திக் குடியேறியவர்கள் தங்கள் மாடுகளைக் காட்டில் மேயவிட்டார்கள். மாடு அந்நோயால் வருந்துவதில்லை. ஆனால் வளர்ந்த உண்ணிகளுக்கு வயிறார இரத்தம் கொடுத்து அவற்றின் இனத்தைப் பெருக்கிவிடுகிறது. நோய்ப்படாத பிராணி நோய்க்குச் செய்யும் இவ்வகை உபகாரத்தை, நோய்ப்பட்டவர்களை மட்டும் பார்ப்பவர் எவ்வாறு அறிவார்? குரங்கு சாவதை இன்றும் அப்பிரதேசத்தில் முன்னறிவிப்பாகக் கொள்ளுகிறார்கள். பிளேக் காலத்தில் எலி சாவதைக் கண்டு வீட்டைக் காலி செய்த நம் முன்னோரின் யுக்தியும் இதுவே.

நோயுள்ளதா இல்லையா என்று சொல்லும் பரிசோதனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பேச்சுக்கு, நோயுள்ள மாடு நூற்றில் தொண்ணூற்றைச் சரியாகப் பிடித்து, நோயில்லாத மாடு நூற்றில் தொண்ணூற்றைந்தைச் சரியாக விட்டுவிடும் பரிசோதனை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் மாட்டில் முந்நூற்றுக்கு நோயிருக்கும் பண்ணையில் அது 270 மாட்டை நியாயமாகவும் 35 மாட்டை அநியாயமாகவும் குற்றஞ்சாட்டும், பொறுத்துக்கொள்ளலாம். ஆயிரத்தில் பத்துக்கே நோயிருக்கும் பண்ணையிலோ ஒன்பது குற்றவாளிகளோடு ஏறக்குறைய ஐம்பது நிரபராதிகளையும் கூண்டிலேற்றும். பரிசோதனை மாறவில்லை, சுற்றியிருக்கும் ஆரோக்கியத்தின் அளவு மாறியது. நோயை ஒழிக்க ஒழிக்க நம் பரிசோதனையின் சொல் நம்பத்தகாததாகிக்கொண்டே போகும் என்ற இந்த விபரீதத்தை, ஒரே காகிதத்தில் ‘உண்டு’ என்று எழுதி வந்ததும் கலங்கிப்போகிறவர்களுக்கு எடுத்துச் சொல்லும் மருத்துவர்கள் சிலரே.

இனி, அண்மைக் காலத்து விசாரணை ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். தவறான கொள்கை எத்தனை உயிரைக் குடிக்கும் என்பதற்கு அது சான்று. மலேசியாவில் ஈப்போ நகருக்கருகே 1998ஆம் ஆண்டு செப்டம்பரில் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. பன்றியும் கொசுவும் சேர்ந்து பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆசியாவில் பழகிய நோய். நம் வடாற்காட்டிலும் 1955இல் கண்டறியப்பட்டது. ஆகவே அதுதான் இதுவும் என்று முடிவு கட்டிக் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி குத்தினார்கள். நோய் நிற்கவில்லை, பண்ணைக்காரர்கள் பயந்து மலிவாக விற்ற பன்றிகளோடு தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் பிரயாணமாயிற்று. அப்போதும் சிலர் சந்தேகித்தார்கள். கொசு குழந்தையை விட்டுப் பெரியவரைத் தேடிக் கடிக்குமா? ஜப்பானியக் காய்ச்சல் குழந்தைகளையே மிகுதியாகப் பற்றும். இங்கோ வயது வந்த ஆண்கள் வீழ்ந்தார்கள். கொசு மதம் பார்க்குமா? பண்ணைகளில் வேலை செய்த சீனரும் இந்தியரும் நோயுற, அதே வட்டாரத்தில் வசித்தும் பன்றியைத் தீண்டாத மலாய் முஸ்லிம்கள் பெரும்பாலும் தப்பியிருந்தார்கள். தடுப்பூசி போட்டவர்களும் மாண்டார்கள். ஜப்பானியக் காய்ச்சலில் பெரிதாக வருந்தாத பன்றிகளோ குரைப்பதுபோல் இருமிச் செத்தன. 1999 மார்ச்சில் சுவா காவ் பிங் என்ற ஆராய்ச்சியாளர் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிபா என்ற கிராமத்தின் பெயரே அதற்கு அமைந்தது. மொத்தத்தில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொன்ற பிறகே அந்நாட்டில் நோய் ஓய்ந்தது. பண்ணையோரத்து மரங்களில் பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றதே தொடக்கம் என்று பின்னர் அனுமானித்தார்கள். 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் அதே வைரஸ் தலைகாட்டியபோது நடுவே பன்றி இல்லை. நோயாளியைப் பராமரித்தோரிடமும் ஆஸ்பத்திரியில் அருகிருந்தோரிடமும் அது தொற்றிப் பரவியது.

‘மந்தை எதிர்ப்பு’ என்ற சொல்லைச் சமீபத்திய கொரோனாக் காலத்தில் கேட்டுச் சிலர், மனிதரை மந்தை என்பதா என்று வருந்தினார்கள். வருந்த வேண்டியதில்லை, சொல் மெய்யாகவே மாட்டு மந்தையிலிருந்து வந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் பண்ணைக்காரர்கள், கன்று வீசும் தொற்றுநோய் கண்ட பசுக்களை விற்றுவிட்டுப் புதுக் கிடேரிகளை வாங்கி நிரப்பினார்கள்; நோய் ஓயாமல் எரிந்தது. நோயைப் பட்டுத் தேறிய பசுக்களை வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து வாங்காமல் சொந்தக் கன்றுகளையே வளர்த்தால் நெருப்பு விறகின்றி அவிந்துவிடும் என்று கால்நடை மருத்துவர்கள் எடுத்துரைத்தார்கள். இன்று இதைப் பெருக்க எண் என்ற கணக்கால் சொல்லுகிறோம்: யாருக்கும் எதிர்ப்பில்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்ற வைப்பான் என்பதே அது. மணல்வாரி அம்மையில் அது 12 முதல் 18 வரை என்பார்கள். அதனால்தான் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளுக்காவது தடுப்பூசி வேண்டியிருக்கிறது. நாய்களிடையே வெறிநோயின் எண் இரண்டைக்கூட எட்டுவதில்லை. ஊர் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டாலே போதும். இவ்வளவு எளிதில் அணைக்கக்கூடிய நெருப்பு நம் நாட்டில் இன்னும் மனித உயிரை வாங்கிக்கொண்டிருப்பதற்கு விஞ்ஞானத்தின் குறை காரணமன்று.

மனித சுகாதாரமும் கால்நடைச் சுகாதாரமும் பிரியும் இடம் ஒன்று உண்டு. மாட்டை அழித்து நோயை அழிக்கலாம். பிரிட்டனில் 2001ஆம் ஆண்டுக் கோமாரியின்போது அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று எரித்தும் புதைத்தும் அழித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை நோயுற்றவையல்ல, அக்கம்பக்கத்தவை. கோமாரி வளர்ந்த மாட்டைப் பெரும்பாலும் கொல்வதில்லை. ஏற்றுமதி வியாபாரமே இங்கே தீர்ப்பு வழங்கிற்று என்று நான் கருதுகிறேன். பசுவதையைப் பெரும்பாலான மாநிலங்களில் சட்டமும் சமயமும் ஒருங்கே தடுக்கும் இந்தியாவில் அந்த மார்க்கம் அடைபட்டிருந்தது ஒருவகையில் நன்மையாயிற்று. தடுப்பூசியைத் தவிர வேறு துணையில்லாமல்தான் வெக்கை நோய் என்ற மாட்டுக் கொள்ளைநோயை நாம் எதிர்க்க நேர்ந்தது.

அந்த வெக்கை நோய் சாமானியமானதன்று. 1880களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இறங்கி, பத்தாண்டுக்குள் தென்முனை வரை சென்று, பல பகுதிகளில் பத்து மாட்டுக்கு எட்டு ஒன்பதைக் கொன்று, உழவும் பாலும் அற்ற ஜனங்களைப் பஞ்சத்தில் தள்ளியது அது. இமயச் சாரலில் முக்தேசுவரத்து ஆராய்ச்சிசாலையில் எட்வர்ட்ஸ் என்பவர் 1920களில் ஆட்டின் உடலில் வைரஸைப் பழக்கி எடுத்த தடுப்பு மருந்தும், பின்னர் கென்யாவில் பிளவ்ரைட் திசுவளர்ப்பில் உண்டாக்கிய தடுப்பு மருந்தும் நாட்டுக்கு நாடு அதை ஒடுக்கின. இந்தியாவில் அது கடைசியாகத் தோன்றியது 1995இல், நம் தமிழ்நாட்டிலேயே.

ஆனால் நோய் கடைசியாகத் தோன்றியது என்பதற்கும் நோய் இல்லை என்பதற்கும் இடையே பல வருஷ உழைப்பு கிடந்தது. ஊசி போட்ட மாட்டின் இரத்தமும் நோய்ப்பட்டுத் தேறிய மாட்டின் இரத்தமும் பரிசோதனையில் ஒன்றுபோலவே சாட்சி சொல்லும். ஆகையால், இல்லையென்று நிரூபிக்க முதலில் ஊசியை நிறுத்தியாக வேண்டும். காப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கும் அந்தத் துணிவு சாதாரணமானதன்று. ஒரு கூட்டத்தில் நூற்றுக்கொன்றாவது நோய்த்தடம் இருந்தால் ஏறக்குறைய முந்நூறு மாட்டைப் பார்ப்பதற்குள் அது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நிச்சயமாகச் சிக்கிவிடும். முந்நூறிலும் ஒன்றுமில்லையெனில் அந்த அளவுக்கு இல்லையென்று சொல்லலாம். இக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கால்நடை உதவியாளர்கள் கிராமம் கிராமமாகச் சென்று, மந்தைவெளியிலும் சந்தையிலும் நின்று, ‘வாயில் புண்ணும் கழிச்சலுமாக மாடு ஏதாவது செத்ததா?’ என்று கேட்டு, ‘இல்லை’ என்ற பதிலை ஏட்டில் எழுதி வந்தார்கள். 2006இல் இந்தியாவும், 2011இல் உலகம் முழுவதும், அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. அவ்வறிவிப்புக்கு ஆதாரமாக ஆய்வுக்கூடங்களுக்குப் போன சீரக் குப்பிகளில், ஊசி நின்ற பிறகு பிறந்து, வெக்கை நோயை ஒரு நாளும் கண்டறியாமல் துள்ளித் திரிந்த கன்றுகளின் இரத்தம் இருந்தது.